மார்பக உயர்த்தல் அறுவை சிகிச்சைக்குப் பின் நலமாகத் தேறுதல்

சேலம், நாமக்கல் மாவட்டப் பகுதிகளில் வாழும் நோயாளிகளுக்கும் உடனிருந்து கவனிப்போருக்குமான வழிகாட்டி

மார்பக உயர்த்தல் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்களுள் பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் ஓரளவு இயல்பாக நடமாடத் தொடங்குகின்றனர். வெளித்தோல் மூடிக்கொள்கிறது, வலியும் குறைகிறது. ஆயினும் உள்ளே தைக்கப்பட்ட திசுக்கள் உறுதிபெற ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் குடம் தூக்குகின்றனர், மாவு ஆட்டுகின்றனர், வேலைக்குத் திரும்புகின்றனர். புண் பிரிவதும், தழும்பு அகன்று போவதும், வீக்கம் நீடிப்பதும் பெரும்பாலும் இக்காலத்தில் நேர்கின்றன.

மற்றொரு செய்தியும் உண்டு. மார்பகம் தொடர்பான தொல்லைகளை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாள் கடத்துவோர் பலர். இச்சிகிச்சைக்குப் பின் தோன்றும் சில அறிகுறிகளுக்கு ஒரு சில மணி நேரத்துக்குள் மருத்துவம் தேவைப்படும். ஆகவே எவை இயல்பானவை, எவை ஆபத்தானவை என்பதை நீங்களும் உங்கள் வீட்டில் ஒருவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

இந்த அறுவை சிகிச்சையில் என்ன செய்யப்படுகிறது?

பிள்ளைப்பேறு, பாலூட்டல், உடல் எடையில் ஏற்படும் பெரிய மாற்றம், வயது ஆகியவற்றால் மார்பகத்தின் தோலும் அதைத் தாங்கும் இழைகளும் தளர்கின்றன. மாஸ்டோபெக்ஸி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இச்சிகிச்சையில் மிகுதியான தோல் நீக்கப்பட்டு, உள்ளிருக்கும் திசு மேலே உயர்த்தி வடிவமைக்கப்படுகிறது. முலைக்காம்பும் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பாலும் தமது இரத்தக் குழாய்களோடும் நரம்புகளோடும் இணைந்த நிலையிலேயே உயரமான இடத்துக்கு நகர்த்தப்படுகின்றன. இதனால்தான் முதல் சில நாள்களில் முலைக்காம்பின் நிறத்தைக் கவனிப்பது முக்கியமாகிறது.

தளர்ச்சியின் அளவைப் பொறுத்து வெட்டுக்கோடு அமையும். சிலருக்குக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் இருக்கும். சிலருக்கு அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்கோடு சேரும். சிலருக்கு மார்பகத்தின் அடிமடிப்பிலும் ஒரு கோடு செல்லும். மூன்றாம் வகையில் நேர்கோடும் அடிக்கோடும் சந்திக்கும் இடம் மற்ற இடங்களைவிடத் தாமதமாக ஆறும். அங்குச் சிறு புண் ஏற்படுவது அடிக்கடி காணப்படுவதே. முறையாகக் கட்டு மாற்றிவந்தால் அது பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், ஒரு மார்பகத்தில் புற்றுநோய் சிகிச்சை பெற்றபின் மறு மார்பகத்தை அதற்கு ஒப்பாக உயர்த்திக்கொண்டவர்களுக்கும் இப்பக்கத்திலுள்ள அறிவுரைகளுள் பெரும்பாலானவை பொருந்தும். சிலிகான் பை பொருத்தப்பட்டிருந்தாலோ, கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தாலோ உங்கள் மருத்துவர் தனியே கூறும் அறிவுரையையே பின்பற்றவும்.

சிகிச்சை கிடைக்கும் இடங்களும் வீடு திரும்பும் பயணமும்

இத்தகைய சிகிச்சைகள் செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறையில் 2018-ஆம் ஆண்டு மார்பக அமைப்புச் சீராக்கத்துக்கென இலவச சேவை தொடங்கப்பட்டது. மார்பகத்தின் எடையால் கழுத்துவலி, முதுகுவலி, அடிமடிப்பில் ஓயாத தோல் புண் ஆகியவற்றோடு வாழும் ஏழைப் பெண்களும் சிகிச்சை பெற இத்தகைய சேவை வழிவகுக்கிறது.

நீங்கள் சேலம், நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவராயின் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அறுவை சிகிச்சைப் பிரிவை அணுகி ஆலோசனை பெறலாம். மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் சிகிச்சைக்கும் தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்கும் காப்பீட்டு விதிகள் வேறுபடக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருந்தால், சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியவும்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிகிச்சை பெற்றால், வீடு திரும்பும் நாளை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவும். சென்னையிலிருந்து சேலத்துக்குச் சாலைவழி ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அத்தனை நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. காரில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடக்கவும். இருக்கைப் பட்டையைத் தவிர்க்க வேண்டாம். பட்டைக்கும் மார்புக்கும் இடையே மென்மையான சிறு தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளவும். இரயிலில் வந்தால் கீழ்ப்படுக்கையைப் பதிவு செய்யவும். பெட்டியை உடன்வருபவர் தூக்கட்டும்.

மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் கேட்டறிய வேண்டியவை

- தையல் தானே கரைவதா, பிரிக்க வேண்டியதா? பிரிக்க வேண்டுமெனில் எந்த நாளில், எங்கே?
- கட்டை எப்போது மாற்ற வேண்டும்? நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாமா?
- வடிகுழாய் வைக்கப்பட்டிருந்தால் எப்போது எடுக்கப்படும்?
- குளிக்கத் தொடங்குவது எப்போது?
- சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளையும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளையும் எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்?
- இரவில் ஐயம் எழுந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

விடைகளை டிஸ்சார்ஜ் சீட்டின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்து, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் உடன் எடுத்துச் செல்லவும். அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டிருந்தால், அதன் முடிவை மறவாமல் பெற்றுக்கொள்ளவும்.

முதல் 48 மணி நேரம்

வலி, இறுக்கம், வீக்கம், தோலில் நீலமும் ஊதாவுமான கன்றிய நிறம், கட்டில் சிறிதளவு இரத்தக் கசிவு ஆகியவை இக்காலத்தில் இயல்பானவை. இரு மார்பகங்களும் ஒரே அளவில் வீங்க வேண்டும் என்பதில்லை. எனினும் ஒரு மார்பகம் மட்டும் திடீரென மற்றதைவிடப் பெரிதாகிக் கல்போல் இறுகி வலி ஏறிக்கொண்டே போனால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கக்கூடும். இது பெரும்பாலும் முதல் இரண்டு நாள்களுக்குள் நேரும். விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

மயக்க மருந்தின் விளைவாகக் குமட்டலும் தலைச்சுற்றலும் இருக்கலாம். கட்டிலிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி உந்த வேண்டாம். ஒருக்களித்துக் கால்களைக் கீழே தொங்கவிட்டு, மற்றவர் முதுகைத் தாங்க, மெல்ல எழவும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் சில நிமிடங்கள் நடக்கவும். நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கும், மூச்சுப்பைக்கும் நல்லது.

முதல் இரண்டு வாரங்கள்

வலி மருந்து: மருத்துவர் எழுதிய அளவிலும் நேரத்திலும் உட்கொள்ளவும். வலி மிகுந்தபின் விழுங்குவதைவிட, முதல் சில நாள்களுக்குக் குறித்த நேரத்தில் உட்கொள்வதே பலன் தரும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வேண்டாம். அவற்றுள் சில இரத்தக் கசிவை மிகுவிக்கும். சிலவற்றில் நீங்கள் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தே இருக்கலாம். நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து தரப்பட்டிருந்தால் இடையில் நிறுத்தாமல் முடிக்கவும்.

புண் பராமரிப்பு: கட்டைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவவும். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், திருநீறு ஆகிய எதையும் புண்மீது இட வேண்டாம். அன்போடு செய்யப்படும் இவை ஆறாத புண்ணுக்குள் கிருமியைச் சேர்த்துவிடும். சூடான ஒத்தடமும், பனிக்கட்டியை நேராக வைப்பதும் கூடாது. அறுவைக்குப் பின் மார்பகத் தோல் மரத்திருப்பதால் சுடுவது உங்களுக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளிக்கும்.

குளியல்: மருத்துவர் அனுமதித்தபின் இளஞ்சூட்டு நீரைத் தோளுக்குக் கீழே மெல்ல ஊற்றிக் குளிக்கலாம். புண்ணைத் தேய்க்காமல், தூய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தவும். கைகளை உயர்த்தித் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டாம். தலையை மற்றொருவர் அலசிவிடட்டும். கிணறு, ஏரி, வாய்க்கால், ஆறு ஆகியவற்றில் இறங்கிக் குளிப்பதைப் புண் முற்றிலும் ஆறும்வரை தவிர்க்கவும். ஆடிப்பெருக்கு நாளில் மேட்டூரிலோ பரமத்தி வேலூரிலோ காவிரியில் நீராடும் வழக்கம் உள்ளவர்கள் இவ்வாண்டு கரையில் நின்று வழிபட்டு வரலாம்.

உள்ளாடை: மருத்துவர் தந்த தாங்கு உள்ளாடையை இரவும் பகலும் அணியவும், பொதுவாக ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு இது தேவைப்படும். அது முன்புறம் திறப்பதாகவும், உள்ளே கம்பி இல்லாததாகவும், அழுத்தமாகவும் ஆனால் மூச்சு முட்டாததாகவும் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாங்கி வைத்தால் துவைத்து மாற்ற வசதியாக இருக்கும். தலைவழியே போடும் சட்டைகளைத் தவிர்த்து, முன்பக்கம் பொத்தான் உள்ள நைட்டியோ, முன்கொக்கி வைத்த தளர்ந்த ரவிக்கையோ அணியவும்.

உறக்கம்: மல்லாந்து, முதுகுக்கும் தலைக்கும் இரண்டு மூன்று தலையணை வைத்துச் சற்று உயர்ந்த நிலையில் உறங்கவும். குப்புறப் படுப்பதும், ஒருக்களித்து மார்பு அழுந்தப் படுப்பதும் மருத்துவர் அனுமதிக்கும்வரை கூடாது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு எழும்போது கைகளை ஊன்றாமல் முடியாது. ஆகவே இரண்டு வாரங்களுக்கேனும் கட்டிலோ சாய்வு நாற்காலியோ ஏற்பாடு செய்துகொள்ளவும். கைக்குழந்தையை அருகில் கிடத்தாமல் சற்றுத் தள்ளிக் கிடத்தவும்; உறக்கத்தில் குழந்தையின் கால் மார்பில் பட்டால் தையல் பாதிக்கப்படும்.

ஆறு வாரங்கள் வரை: கைகளுக்கு ஓய்வு

கையைத் தூக்கும்போதும், இழுக்கும்போதும், தள்ளும்போதும் மார்புத் தசை இறுகுகிறது. அதன்மேல் அமர்ந்திருக்கும் புதிய தையல்கள் இழுபடுகின்றன. ஆகவே முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அன்றாடப் பொருள்களின் எடையை எண்ணிப் பாருங்கள்: நிரம்பிய பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 கிலோ, நியாயவிலைக் கடை அரிசிப் பை 20 கிலோ, நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ, ஒரு வயதுக் குழந்தை 8 முதல் 10 கிலோ.

இக்காலத்தில் மற்றவரிடம் விட வேண்டிய வேலைகள்:

- குடிநீர் பிடித்தல், கிணற்றில் இறைத்தல், அடிகுழாயில் அடித்தல்
- துணி துவைத்தல், பிழிதல், உயரக் கொடியில் உலர்த்துதல்
- வாசல் பெருக்குதல், மாவு ஆட்டுதல், பெரிய பாத்திரங்களை இறக்குதல்
- பால் கறத்தல், மாட்டைப் பிடித்துக் கட்டுதல், தீவனம் சுமத்தல்
- பரணில் இருப்பதை எடுத்தல்

குழந்தையை நீங்கள் தூக்க வேண்டாம். நீங்கள் அமர்ந்தபின் மற்றவர் குழந்தையை மடியில் அமர்த்தலாம். நகரப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதும் கையை உயர்த்தும் செயலே. இருக்கை கிடைத்தால் மட்டும் பயணம் செய்யவும். இருசக்கர வாகனம் ஓட்டுவதையும், மேடுபள்ளமான சாலையில் பின்னிருக்கையில் செல்வதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்கவும்.

முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துத் தலை வாருதல், உண்ணுதல், காய் நறுக்குதல் போன்றவற்றை முதல் வாரத்திலிருந்தே செய்யலாம். கைகளை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். ஆகவே மருத்துவர் காட்டித்தரும் தோள் பயிற்சியைச் செய்யவும். கணவன் மனைவி உறவை வலி தணிந்தபின் தொடரலாம். மார்பகத்தின்மீது அழுத்தம் படாமல் ஆறு வாரங்கள் கவனமாக இருக்கவும்.

வேலைக்குத் திரும்புதல்

அமர்ந்து எழுதும் வேலை, கணக்கு வேலை, கணினி வேலை செய்வோர் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் திரும்பலாம். நெடுநேரம் நின்று செய்யும் இலகுவான வேலைக்குக் கூடுதல் நாள்கள் தேவைப்படும். உடல் உழைப்பு மிகுந்த வேலைகளுக்கு ஆறு வாரம் வரை விடுப்பு தேவை. விசைத்தறியில் அறுந்த இழையை முடிய நாள் முழுதும் கை நீட்டுவோர், சேகோ ஆலைக் களத்தில் மாவைப் பரப்பிக் காயவைப்போர், வயலில் களையெடுப்போர், கட்டுமானப் பணியாளர் ஆகியோர் இவ்வகையினர். கோழிப்பண்ணையில் வேலை செய்வோர்க்குத் தூக்கும் சுமையோடு எருத் தூசியும் ஒரு காரணம். திறந்த புண் இருக்கும்வரை கொட்டகைக்குள் செல்ல வேண்டாம்.

அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஆறு வாரம் எளிதன்று. ஆகவே, உடனடி அவசரமில்லாத இச்சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே வேலை குறைந்த காலத்தைத் தேர்ந்தெடுக்கவும். முதலாளியிடம் மருத்துவச் சான்றை அளித்து விடுப்பும், பின்னர் சில நாள்களுக்கு இலகுவான வேலையும் கேட்கவும். சான்றில் ‘அறுவை சிகிச்சை’ என்று மட்டும் குறிப்பிடும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எந்த உறுப்பில் செய்தது என்பதை எவரிடமும் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கோடை வெப்பமும் வியர்வையும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலம், நாமக்கல் சமவெளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அடிமடிப்பில் தேங்கும் வியர்வை தையல் கோட்டை ஊறவைத்துப் பூஞ்சைப் படைக்கும் கிருமித் தொற்றுக்கும் வழிசெய்யும். இயலுமாயின் கோடையைத் தவிர்த்து நாள் குறிக்கவும். இயலாவிடின் காற்றோட்டமான அறையில் இருக்கவும். நனைந்த உள்ளாடையை உடனே மாற்றவும். மடிப்பில் மருத்துவர் சொன்ன கட்டுத் துணியை மடித்து வைக்கவும். முகப்பவுடரைப் புண் அருகே தூவ வேண்டாம். அடுப்பின் முன் நெடுநேரம் நிற்பதைத் தவிர்க்கவும்.

உணவும் பழக்கங்களும்

புண் ஆறப் புரதம் தேவை. முட்டை, பருப்பு, மீன் உண்டால் சீழ் பிடிக்கும் என்று கருதிப் பத்தியம் இருக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் உள்ளது. மருத்துவர் தனியே விலக்கினாலன்றி இவற்றை நீங்கள் உண்ணலாம், உண்ணவும் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. முட்டை உண்ணாதோர் பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால், தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி புதிய திசு உருவாக உதவும். முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் நல்லவை.

வலி மருந்தால் மலச்சிக்கல் நேரலாம். முக்கி மலம் கழித்தால் மார்பிலும் அழுத்தம் ஏறும். போதிய நீர், கீரை, பழம் ஆகியவற்றோடு நடையும் துணை செய்யும். மூன்று நாளாகியும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லவும்.

புகையிலை முற்றிலும் கூடாது. அதிலுள்ள நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நகர்த்தப்பட்ட முலைக்காம்புக்கும் தோல் ஓரங்களுக்கும் இரத்தம் எட்டாமல் அவை கருகிவிடக்கூடும். பீடி, சிகரெட் மட்டுமன்றி வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதே தீங்கைச் செய்யும். அறுவைக்கு முன் குறைந்தது நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் விலக்கவும். மெல்லும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவும். வீட்டில் பிறர் புகைப்பதும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தால்தான் புண் காலத்தில் ஆறும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் செல்லவும்:

- ஒரு மார்பகம் மட்டும் திடீரெனப் பெரிதாகி இறுகுதல், மருந்துக்கும் அடங்காத வலி
- முலைக்காம்போ கருவட்டமோ வெளிறுதல், நீலம் பாய்தல், கருத்தல்
- கட்டு நனைந்து மாற்றியபின்னும் இரத்தம் நிற்காமை
- 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம்
- புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பும் சூடும், சீழ், துர்நாற்றம்
- தையல் பிரிந்து புண் திறத்தல்
- ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம்; அங்கே சூடும், பளபளப்பும், தொட்டால் வலியும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். அறுவை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், அங்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் செல்லவும். பெண் மருத்துவரோ செவிலியரோ பரிசோதிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எனினும் மேற்கண்ட அறிகுறிகள் இருக்கும்போது அதற்காகக் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம்.

தழும்பு, உணர்ச்சி, வடிவம்

தொடக்கத்தில் மார்பகம் மிக உயர்ந்தும், மேற்புறம் புடைத்தும், அடியில் தட்டையாகவும் தோன்றும். வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். வடிவம் முழுமையாக அமைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். இரு மார்பகங்களுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பது இயல்பே.

முலைக்காம்பில் மரத்த நிலையோ மிகையான கூச்சமோ சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை நீடிக்கலாம். பலருக்கு அது சரியாகும். சிலருக்கு நிலையாகவே இருந்துவிடும். ஊசி குத்துவது போன்ற சுருக்கென்ற வலி நரம்புகள் மீள்வதன் அடையாளம்.

தழும்பு முதல் சில மாதங்களில் தடித்து நிறம் மிகும். பின் மெல்ல மங்கும். இதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகலாம். அது அறவே மறையாது. நம் நிறத் தோலில் தழும்பு கருப்பதும், எல்லை மீறி வளரும் கெலாய்டு ஆவதும் கூடுதல். உங்களுக்கோ உங்கள் உடன்பிறந்தோர்க்கோ காது குத்திய இடத்தில் அவ்வாறு தடித்திருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லவும். புண் முழுதும் மூடியபின் மருத்துவர் அறிவுரைப்படி சிலிகான் களிம்போ பட்டையோ பயன்படுத்தலாம். ஓராண்டுக்குத் தழும்பில் வெயில் படாமல் ஆடையால் மறைக்கவும்.

பின்னாளில் கவனிக்க வேண்டியவை

மீண்டும் கருவுற்றாலும், எடை பெரிதும் ஏறி இறங்கினாலும் மார்பகம் மறுபடி தளரக்கூடும். இன்னும் குழந்தை பெற எண்ணுவோர் பிள்ளைப்பேறு முடிந்தபின் இச்சிகிச்சையைச் செய்துகொள்வது நல்லது. சிகிச்சைக்குப் பின் பாலூட்ட இயலுவோர் பலர். சிலருக்குப் பால் குறையலாம்.

இச்சிகிச்சை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மாற்றாகாது. 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். எந்தப் பரிசோதனைக்குச் சென்றாலும் அறுவை செய்துகொண்டதைத் தெரிவிக்கவும். உள்தழும்புகள் மேமோகிராம் படத்தில் மாறுபட்டுத் தெரியும். பல மாதங்கள் கடந்தபின்னும் புதிதாக ஒரு கட்டி தென்பட்டால், ‘அது தையல் தழும்புதான்’ என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரிடம் காட்டவும்.

உடனிருந்து கவனிப்போருக்கு

உங்கள் மனைவியோ, மகளோ, மருமகளோ, சகோதரியோ பத்து நாளில் எழுந்து நடப்பதைக் கண்டதும் முழுமையாகத் தேறிவிட்டதாக எண்ண வேண்டாம். நடமாட்டம் தேறியிருக்கும், உள்தையல் தேறியிருக்காது. அவர் கேட்குமுன்பே தண்ணீர், துவைப்பு, குழந்தை ஆகிய மூன்றையும் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு நாளேனும் இரவில் ஒருவர் உடன் உறங்கவும். மருந்து கொடுத்த நேரத்தையும் காய்ச்சலின் அளவையும் ஒரு தாளில் குறித்துவரவும்.

நலம் விசாரிக்க வரும் உறவினரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ‘இந்த வயதில் இது தேவையா’ என்ற பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழிச்சொல்லுக்கு அஞ்சும் பெண் தனக்குக் காய்ச்சல் கண்டதையும் சொல்ல மாட்டார்.

மனநிலை

கட்டுப் பிரித்து முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கும்போது கன்றிய நிறமும் தையலும் கண்டு மனம் கலங்குவது பலருக்கு நேர்வதே. அன்றைய தோற்றம் இறுதியானதன்று. அழுகையும் சோர்வும் சில நாள்களில் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் மருத்துவரிடம் சொல்லவும். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

நினைவில் நிறுத்துக

ஆறு வாரங்கள் சுமை தூக்காதீர்கள். தாங்கு உள்ளாடையை அணிந்திருங்கள். புகையிலையை விலக்குங்கள். நன்றாக உண்ணுங்கள். ஐயம் எழுந்தால் கூச்சப்படாமல் அன்றே சொல்லுங்கள்.

இப்பக்கத்திலுள்ளவை பொதுவான தகவல்களாகும். உங்கள் உடல்நிலைக்கும் செய்யப்பட்ட அறுவை முறைக்கும் ஏற்ப உங்கள் மருத்துவர் வேறு அறிவுரை வழங்கியிருந்தால் அதையே பின்பற்றவும்.